இடம் சொல்லும் கருவி

சோழபுரம், சேத்தூர், முகவூர் பக்கம் அம்மன் கோயில் பொங்கல் சாட்டியாகிவிட்டது என்றால், முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்தான். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, இருட்டு பிரியுமுன் பக்திப் பாட்டில் தொடங்கி, வெயில் ஏற ஏறச் சினிமாப் பாட்டுக்கு வருவார்கள். ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கே பாட்டுக் காது திறந்தது அந்தக் குழாய்க்கு அடியில்தான். அதில் பாஸ் என்ற ஒன்றே கிடையாது. குரலும் நாகஸ்வரமும் மட்டும் வயல் தாண்டி வரும். அப்புறம் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. பாஸ் நெஞ்சில் இடித்தது. குரல் அதற்குள் முங்கிப்போனது. இரண்டையும் விரும்பிக் கேட்டவன் நான். ஆனால் கிட்டார்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், கோரஸ் பெண்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை அவை இரண்டும் எனக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லியது ஹெட்போன்.

இப்போது ஊர்ப் பையன்கள் கேட்கும் கேள்வி இது: “அண்ணே, கேமுக்கும் ஆகணும், பாட்டுக்கும் ஆகணும், வயர் இருக்கக் கூடாது. எதை வாங்கலாம்?” கடையில் இதற்கு இரண்டு அலமாரி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கலர் விளக்கு எரியும் கேமிங் செட், இன்னொன்றில் பாட்டு கேட்கும் ஹெட்போன். எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் வேண்டிய முதல் குணம் ஒன்றேதான். ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிசகாமல் காட்ட வேண்டும். இடத்தைச் சரியாகச் சொல்லும் ஹெட்போன் இரண்டுக்கும் ஆகும். அது தெரியாத ஹெட்போன் இரண்டையும் கெடுக்கும்.

காது இடம் அறியும் விதமே ஓர் அதிசயம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வலப்பக்கம் எழுகிற சத்தம் தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போய்ச்சேர அதிகபட்சம் 0.7 மில்லிநொடிதான் தாமதம். அந்தத் துளி வித்தியாசத்தை மூளை அளந்துவிடுகிறது. கூடவே, உயர்ந்த சுருதி ஒலிகளைத் தலை மறைத்துக்கொள்வதால் எதிர்ப்பக்கக் காதில் அவை மங்கிக் கேட்கும். அதையும் மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு வழிகளையும் சேர்த்து விளக்கியவர் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, 1907-இல். சத்தம் முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைக் காது மடலின் மடிப்புகள் பார்த்துக்கொள்கின்றன.

விளையாட்டு நிரல்கள் செய்வது இதே கணக்கைத்தான். பிஜிஎம்ஐ விளையாட்டில் நீங்கள் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருக்கிறீர்கள், மாடியில் ஒருவன் நடக்கிறான் என்றால், அவன் காலடி எந்தக் காதுக்கு எவ்வளவு முந்தி, எவ்வளவு மங்கி வர வேண்டும் என்று நிரல் கணக்கிட்டு அனுப்புகிறது. வாலரண்டில் இதற்கென்றே எச்ஆர்டிஎஃப் என்று ஒரு தேர்வு அமைப்புகளில் இருக்கிறது. ஹெட்போனின் வேலை, வந்த இரண்டு தடங்களையும் கலைக்காமல் கொடுப்பது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிற ‘7.1 சரவுண்ட்’ பெரும்பாலும் மென்பொருள் வித்தைதான். ஏற்கெனவே விளையாட்டே கணக்கிட்ட ஒலியை அது மறுபடி கணக்கிடும். காலடி எங்கும் இருப்பதுபோல் பரவிவிடும். ஒன்றைப் போட்டால் மற்றதை அணைத்துவிடுங்கள். என் காதுக்கு, விளையாட்டின் கணக்கும் சுத்தமான ஸ்டீரியோவும் சேர்ந்தால் போதும்.

இசைக்கு வருவோம். தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோப் பதிவின் தொடக்கமாக 1978-இல் வந்த ‘ப்ரியா’வைச் சொல்வார்கள். அதற்குப் பிந்திய இளையராஜா பாடல்கள் ஹெட்போனுக்கு ஒரு புதையல். 1982-இன் ‘பயணங்கள் முடிவதில்லை’யில் உள்ள ‘இளைய நிலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்போனில் அந்த கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் மீட்டிய கணம் தனியாக, அதிர்ந்து அடங்குவது தனியாகக் கேட்கும். எஸ்.பி.பி. அடுத்த அடிக்கு மூச்சு எடுப்பது கேட்கும். அதற்கும் கீழே பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கும். ராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்க வந்ததல்ல. அது இரண்டாவது பாட்டு. குழாய் ஸ்பீக்கரில் இந்த இரண்டாவது பாட்டு எங்களுக்கு வந்துசேரவேயில்லை. பாஸை ஊதிப் பெருக்கிக் காட்டும் மலிவு ஹெட்போனிலும் அது வராது. ‘தும்தும்’ என்று ஒரே சுருதியில் முட்டும். எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போனது என்று தெரியாது. அந்த ஊதிய பாஸ்தான் விளையாட்டில் குண்டு வெடித்த அடுத்த நொடியில் வரும் காலடியையும் விழுங்குகிறது.

ஆகவே பாஸைச் சோதிக்க நான் சிபாரிசு செய்வது ஆங்கில நடனப் பாட்டை அல்ல, வில்லுப்பாட்டை. தென்மாவட்டக் காதுக்கு வில்லுப்பாட்டுக் குடத்தின் நாதம் நன்றாகத் தெரியும். குடத்தின் வாயை மட்டையால் அடித்ததும் ‘கும்’ என்று எழுந்து, வட்டமாக நின்று, உடனே அடங்க வேண்டும். அது அடங்காமல் அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஹெட்போனை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வீசுகோல் வில்லில் படும்போது மணிகள் சிதறுகிற ஓசை அதே நேரத்தில் மேலே தெளிவாக மிதக்க வேண்டும். குடமும் மணியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. 2021-இல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகத்தின் பதிவுகள் கிடைக்கின்றன. பழைய பதிவுகளானாலும் இந்தச் சோதனைக்குப் போதும்.

உயர்ந்த சுருதிக்கு நாகஸ்வரத்தைவிட நேர்மையான பரிசோதகர் கிடையாது. மனிதக் காது அதிகம் கூர்மையாக இருப்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். நாகஸ்வரத்தின் வீரியமும் அந்தப் பக்கத்தில்தான் குவிகிறது. காலடியைத் தூக்கிக் காட்டுவதற்காகச் சில கேமிங் செட்டுகள் இதே பகுதியைச் செயற்கையாக ஏற்றி வைக்கின்றன. அவற்றில் நாகஸ்வரம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் காது வலிக்கும். 1962-இன் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டிபோட்டு ஓடும் ‘சிங்கார வேலனே தேவா’வைப் போட்டுப் பாருங்கள். இது மோனோப் பதிவு. இடம் வலம் இதில் இல்லை. ஆனால் குரலும் குழலும் ஒரே ஸ்வரத்தைத் தொடுகிற இடங்களில் இது மூச்சு, இது சீவாளி என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறதா என்று இந்தப் பாட்டு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒரு தவில் தனி. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் நறுக்கும், தொப்பியில் கம்பு விழும் கனமும் இரண்டு தனித் தோல்களாகக் கேட்க வேண்டும். இதில் தேறிய ஹெட்போன் துப்பாக்கிச் சத்தத்தில் தடுமாறாது.

கடைசியாக, கூட்டத்தைச் சமாளிக்கும் திறமை. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ அதற்கு. வயலின்கள் கிளம்பும் வேகமும், ஊர்க் கூத்தும், அதையெல்லாம் நிறுத்திவிட்டு நடுவில் பெண்குரல்களில் அப்பர் தேவாரம் எழும் மாற்றமும் ஒரே பாட்டில் இருக்கின்றன. நல்ல கருவியில் தேவாரம் வரும்போது இடமே விரிந்து கோயில் மண்டபமாகும்.

இனி வயர் இல்லாமல் போவதன் விலை. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் காதுக்கு விடுகிறது. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஒலித்தகவல் இருக்கிறது. எல்லா ப்ளூடூத் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறை வழக்கமாக 328 வரை அனுப்பும். சோனி உருவாக்கிய எல்டாக் 990 வரை போகும், ஆனால் ஐபோனில் அது கிடையாது, அங்கே ஏஏசிதான். பாட்டுக்கு இதெல்லாம் நான் பெரிதாக மல்லுக்கட்டுகிற விஷயம் இல்லை. நன்றாகச் செய்த ஹெட்போனில் ஏஏசியே இனிக்கும். யூடியூபில் யாரோ பாஸ் ஏற்றிப் போட்ட கேசட் பிரதியைக் கேட்டால் எல்டாக்கும் காப்பாற்றாது. முதலில் மூலப் பதிவு நல்லதாக இருக்கட்டும்.

விளையாட்டில் கதை வேறு. சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதம் சகஜம். எதிரி சுடுவது திரையில் தெரிந்த பிறகு சத்தம் வருகிறது. ‘கேம் மோட்’ போட்டால் தாமதம் குறையும், ஆனால் சேர்த்து வைக்கும் இருப்பும் குறைவதால் ஒலி அங்கங்கே அறுபடும். இதற்குத்தான் யூஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிள். அதுவும் ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது. ஆனால் தன் ஹெட்போனோடு மட்டும் பேசுவதற்கென்று செய்யப்பட்டதால் தாமதத்தைக் காது உணராத அளவுக்குக் குறைத்துவிடும். டைப்-சி டாங்கிளாக இருந்தால் பல போன்களிலேயே செருகலாம்.

டாங்கிள் வேண்டும் என்று நான் சொல்ல இன்னொரு காரணம் மைக். கணினியில் வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது, கூட்டாளியோடு பேச மைக்கைத் திறந்த மறுகணம் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ, அதுவும் மங்கலாக. இடம் சொல்லும் கருவி என்று இவ்வளவு நேரம் கொண்டாடினோமே, அது அந்த நொடியில் ஊமையாகிவிடுகிறது. குழுவாக விளையாடுகிறவர்கள் டாங்கிள் இல்லாத வயர்லெஸ் செட்டை வாங்கவே கூடாது.

இரைச்சல் நீக்கம் பற்றி. விமானப் பயணத்தில் இரைச்சலால் பாட்டு கேட்க முடியாமல் போனதால் இந்த யோசனையில் இறங்கியவர் அமர் போஸ், வங்காளத் தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அது 1978-இல். விமானிகளுக்கான அவரது செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. வெளிச்சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே விட்டு அழிப்பதுதான் முறை. தென்காசி பஸ்ஸின் என்ஜின், மின்விசிறி, ராஜபாளையம் நூற்பாலைகளின் இடைவிடாத ரீங்காரம் ஆகியவற்றை இது அருமையாக அடக்கும். ஆனால் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியின் ‘தடக் தடக்’கை முழுசாக அடக்காது. திடீர் திடீரென்று அறைகிற கூரிய ஓசையை எதிரலை துரத்திப் பிடிப்பது கடினம். அங்கே கைகொடுப்பது காதை முழுக்க மூடி உட்காரும் மெத்தைதான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள்; தண்டு மெத்தையைத் தூக்கிவிட்டால் இரைச்சல் உள்ளே வரும், பாஸ் வெளியே போய்விடும். தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றிக் கேட்பது மட்டும் வேண்டாம். வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்பதானால் 80 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மெத்தை என்றதும் நம் ஊர் வெயில் ஞாபகம் வர வேண்டும். செயற்கைத் தோல் மெத்தை இரைச்சலை நன்றாக அடைக்கும், ஆனால் சித்திரையில் காதை அவிக்கும். வியர்வையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் சேர்ந்தால் அந்தத் தோல் சீக்கிரமே உரியத் தொடங்கும். கழற்றி மாற்றக்கூடிய மெத்தையா, மாற்று மெத்தை இந்தியாவில் கிடைக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எடையும் அப்படியே. ஆடிஸி மேக்ஸ்வெல் என்ற கேமிங் செட் 490 கிராம். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஏறக்குறைய அதில் பாதி, 250 கிராம்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. வயர்லெஸ் கேமிங் செட்டுகளில் இசைக் கருவி என்று நான் மனசார ஒப்புக்கொள்வது மேக்ஸ்வெல்லை. உள்ளே ஒலியெழுப்பும் 90 மில்லிமீட்டர் ப்ளேனார் தகடு, ஒரு சார்ஜில் 80 மணிநேரத்துக்கு மேல், டாங்கிளும் எல்டாக்கும் இரண்டும் உண்டு. கழுத்து தாங்கினால் வீட்டில் உட்கார்ந்து கேட்க அதுதான். சார்ஜ் போடும் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் ஆல்ஃபா வயர்லெஸ். 300 மணிநேரம் என்கிறது நிறுவனம். அதில் ப்ளூடூத் கிடையாது, பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பயணமும் பாட்டும்தான் முக்கியம், விளையாட்டு எப்போதாவது என்றால் சோனி போதும்.

மூன்றாயிரம் நாலாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் என் தீர்ப்பு நேரடியானது. அந்த விலையில் இரண்டையும் நன்றாகச் செய்யும் வயர்லெஸ் செட்டை நான் கேட்டதில்லை. விளையாட்டுக்கு ஒரு நல்ல வயர் இயர்போன் வாங்குங்கள், தாமதமே இல்லை. மிச்சப் பணத்தில் பாட்டுக்கு ஒரு சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டார்கள். மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறபோது, கேட்டுப் பார்க்க விடுகிற கடையாகத் தேடுங்கள். கிட்டார், குடம், நாகஸ்வரம் மூன்றுக்கும் ஒவ்வொரு பதிவை போனில் இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பாட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.