எதிர்மூலையில் நின்ற சாம்பியன்

எங்கள் மாங்காட்டிலிருந்து கிளம்பிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால், அது பெரியமேடு நேரு ஸ்டேடியம் பக்கம் கொண்டுபோய் விடும். 1980-ல் முகமது அலி அங்கே காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தைப் பழைய பாக்ஸிங் ரசிகர்கள் இன்றும் பெருமையாகக் காட்டுவார்கள். அன்று எதிரே நின்று ஆடியவர் யார் என்று கேட்டால் பலருக்குப் பெயர் வராது. ஜிம்மி எல்லிஸ். அவரும் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர்தான்.

அலி பிறந்த லூயிவில்தான் அவருக்கும் ஊர். அமெச்சூர் நாட்களில் இருவரும் இரண்டு முறை மோதி, ஆளுக்கொன்று ஜெயித்தார்கள். மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட்டுக்கு ஏறியவர் என்பதால், கனத்த ஆட்களோடு பலத்தில் போட்டி போட எல்லிஸ் போகவே மாட்டார். இடது கையால் சீண்டிக்கொண்டே பின்வாங்குவார். எதிராளி குத்துக்குக் கிளம்பும் அந்த அரை நொடியில் வலது கை நேராக இறங்கும். எங்கள் ஊர்க் காமாட்சி பஞ்சாக்கினி நடுவே இடது கால் விரல் நுனியில் நின்று தவமிருந்தவள். அந்தச் சந்நிதியில் வளர்ந்த கண்ணுக்கு, எல்லிஸின் இடது முன்பாதம் காத்திருக்கும் அழகு தப்பாது.

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் அலியின் பட்டம் பறிபோனது. அந்த இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தியது. ஜோ ஃப்ரேசியர் அதில் சேரவில்லை. எல்லிஸ் முதலில் லியோட்டிஸ் மார்ட்டினை வென்றார். அடுத்து, முரட்டு அர்ஜென்டினாக்காரர் ஆஸ்கார் பொனவேனாவை இரண்டு முறை தரையில் தள்ளி 12 ரவுண்டில் ஜெயித்தார். அவர் கலையின் உச்சம் எனக்கு அந்த ஆட்டம்தான். 1968 ஏப்ரலில் ஓக்லண்டில் ஜெர்ரி குவாரியோடு நடந்த 15 ரவுண்டைச் சலிப்பு என்பார்கள். காத்திருந்து அடிப்பவர்கள் இருவர் எதிரெதிரே நின்றால் அப்படித்தான் இருக்கும்; பொறுமை இழக்காத எல்லிஸுக்குப் பட்டம் போனது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் மூக்கு உடைந்த நிலையிலும் ஃபிளாய்ட் பேட்டர்சனோடு 15 ரவுண்டு நின்றார். நடுவர் எல்லிஸுக்குக் கொடுத்தார். நானாக இருந்தால் பேட்டர்சனுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

1970 பிப்ரவரியில் ஃப்ரேசியர் அவரை நான்காம் ரவுண்டில் இரண்டு முறை வீழ்த்தினார். ஐந்தாவதுக்கு எழுந்து போக வாத்தியார் ஏஞ்சலோ டண்டி விடவில்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன். மறு ஆண்டு ஹூஸ்டனில் அலியோடு மோதியபோது, அலியின் வாத்தியாரான அதே டண்டி எல்லிஸின் மூலையில் இருந்தார். 12-ஆம் ரவுண்டில் அலி வென்றார். பயிற்சியில் இடது கண்ணில் பட்ட காயத்தால் 1975-ல் எல்லிஸ் ஓய்வு பெற்றார். 53 ஆட்டம், 40 வெற்றி, 12 தோல்வி, ஒன்று சமன். வெற்றிகளில் 24 நாக் அவுட். சென்னை மேடை ஏறும்போது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 2014-ல் லூயிவிலில் காலமானார்.

அவரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள் ஃப்ரேசியர் ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். பொனவேனா ஆட்டத்தைப் பாருங்கள். கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் காலைப் பாருங்கள்.