திருமணம் என்னும் தகுதி: செங்கல்பட்டுத் தீர்மானங்களும் ஸ்ரீபெரும்புதூர்ப் பெண் தொழிலாளரும்

1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கல்பட்டில் நடைபெற்ற முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சமச் சொத்துரிமை, மணமுறிவு உரிமை, கைம்பெண் மறுமணம், ஆண்களைப் போலவே எத்தொழிலையும் மேற்கொள்ளும் உரிமை ஆகியவற்றைக் கோரித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. மணச்சீர்திருத்த வரலாற்றின் பகுதியாக அறியப்படும் இத்தீர்மானங்களைத் தொழிலுரிமை நோக்கில் வாசிக்கும்போது அவற்றின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன.

சொத்துரிமையும் தொழிலுரிமையும் இத்தீர்மானங்களில் பெண்ணின் மணநிலையைச் சார்ந்தனவாக அமையவில்லை. அக்காலச் சூழலில் இது குறிப்பிடத்தக்கது. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வழங்கப்பட்ட வாக்குரிமை சொத்துத் தகுதிக்கு உட்பட்டிருந்தது. சொத்துரிமை அற்ற பெண்ணுக்கு அது பெயரளவினதே. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், தகுதியுள்ள வாக்காளரின் மனைவி என்னும் நிலையையும் வாக்குரிமைக்கு ஒரு வழியாக்கியது. உரிமை விரிந்தது; ஆயினும் அது கணவன் வழியாகவே வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்தின் சொத்துரிமைக் கோரிக்கையைத் தமிழ்நாடு 60 ஆண்டுகள் கழித்துச் சட்டமாக்கியபோதும், 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டது. திருமணம் ஓரிடத்தில் தகுதியாகவும் பிறிதோரிடத்தில் தகுதியின்மையாகவும் செயற்பட்டது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீபெரும்புதூர், இன்று ஒரகடத்தோடு இணைந்து பெருந்தொழில் தடமாக விளங்குகிறது. அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பணிகளுக்கு மணமான பெண்கள் தவிர்க்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மைய அரசு 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கோரியது. அச்சட்டம் பணியமர்த்தலில் ஆண், பெண் என்னும் வேறுபாட்டைத் தடுத்தது; மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாட்டைப் பெயர் சுட்டித் தடுக்கவில்லை. செங்கல்பட்டுத் தீர்மானம் இங்கு இன்றும் உரைகல்லாகிறது. ஆணின் திருமணம் அவன் வேலைக்குத் தடையாவதில்லை எனின், ‘ஆண்களைப் போலவே’ என்னும் அளவுகோல் பெண்ணுக்கு விதிக்கப்படும் மணத்தடையையும் ஏற்காது.

ஆயினும் அவ்வளவுகோலே தீர்மானத்தின் வரம்புமாகும். 2021 டிசம்பரில் அதே ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினர். பெண்களையே பெருமளவில் தேர்ந்து, அவர்களைக் குடும்பத்தினின்று பிரித்து விடுதியில் தங்கவைக்கும் உற்பத்தி முறையில், ஆணோடு ஒப்பிட்டுக் கோரும் சமத்துவத்துக்கு ஒப்பீட்டுப் பொருளே இல்லாமற்போகிறது. உறைவிடம், உணவு, பணிநேரம் ஆகியன மண உரிமைக்குள்ளும் அடங்கா, சொத்துரிமைக்குள்ளும் அடங்கா.

1929இன் தீர்மானம் பெண்ணைத் தொழிலுக்குச் செல்லவிடாத குடும்பத்தையும் வழக்கத்தையும் எதிர்கொண்டது. அவளைத் தேடி அழைத்து, மணமாகாதிருக்கும் காலத்துக்கு மட்டும் பயன்கொள்ளக்கூடிய முதலாளியை அது எதிர்நோக்கவில்லை. இதனால் தீர்மானத்தின் பெருமை குறைவதில்லை. தொழிலில் நுழையும் உரிமை, தொழிலில் நிலைத்திருக்கும் உரிமையாக விரிவடைய வேண்டும் என்பதே இவ்வாசிப்பு உணர்த்துவது.