தபசு மரத்தின் கீழே

கோடை வந்தால் சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் பாரதம் தொடங்கிவிடும். தர்மராஜா கோயில் எதிரே பந்தல் போட்டுப் பகலில் பாரதக் கதை சொல்வார்கள். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். பதினெட்டு நாள் என்பது வழக்கமான கணக்கு. பிற்பகலில் காதால் கேட்ட திரௌபதி கல்யாணம், ராத்திரி கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கண்ணெதிரே வந்து நிற்கும். 1911இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளையும் சேர்த்து உருவாக்கிய மாவட்டம் சித்தூர். அதனால் பழைய வடஆர்க்காட்டின் ஆரணி, செய்யாறு பக்கம் ஆடுகிற கூத்தின் உறவுக்காரக் கூத்துதான் இங்கே தெலுங்கும் தமிழும் பேசுகிறது.

பதினெட்டு நாளில் ஒரு நாளைத்தான் பார்க்க முடியும் என்றால் அர்ச்சுனன் தபசைப் பாருங்கள் என்பேன். வெட்டவெளியில் உயரமான மரம் ஒன்றை நட்டு, ஏறுவதற்குப் படி வைத்திருப்பார்கள். அர்ச்சுன வேஷக்காரர் மரத்தைச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குவார். படிக்கு ஒரு பாட்டு. பாசுபதம் வேண்டிக் கைலாசத்துக்குப் போகிறவனுக்கு அவசரம் ஏது?

அவருடைய காலைக் கவனிக்க வேண்டும். கண் மேலே ஆகாயத்தில் இருக்கும். பாதம் மட்டும் அடுத்த படியைத் துழாவும், கட்டைவிரல் முதலில் தொட்டுப் பார்க்கும், பிறகு குதிகால் இறங்கும். பாட்டின் கடைசி அடியை அவர் முடித்ததும் கீழே நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்குகிறார். ஆனால் கீழே இருந்து பார்க்கிற நமக்கு அது அர்ச்சுனன் சிவனை நினைத்து நிற்கிற நிலை. களைப்பை எங்கே ஒளித்தார், பக்தியை எங்கே தொடங்கினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் கூத்தில் நான் மிகவும் ரசிப்பது அந்த இடைவெளியைத்தான்.

இதே இடைவெளியை வேறொரு ஊரில் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி வாரந்தோறும் முழு நாடகங்களை நேரடியாக ஒளிபரப்பியது. வீடியோ நாடா 1956இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன், ஓடுகிற நாடகத்தைத் திரையிலிருந்தே ஒரு ஃபிலிம் கேமரா படம்பிடித்து வைக்கும். மங்கலான அந்தப் பிரதிதான் மிச்சம். அரங்கில் ஒரு வீட்டு அறையும் ஒரு கடையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அறையில் பேசி முடித்த நடிகர் அடுத்த காட்சிக்கு ஓட வேண்டும், ஓடும்போதே மேல்சட்டையும் மாற்ற வேண்டும். அதுவரை கேமரா எதிரே நின்றவரின் முகத்திலோ மேசைமேல் இருக்கும் ஒரு பொருளிலோ தங்கும். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அது கதையின் மௌனம். நம் பின்பாட்டு செய்கிற வேலையை அங்கே அந்த அண்மைக்காட்சி செய்தது.

அதிக தூரம் ஓட முடியாது என்பதாலேயே கதைகள் சின்ன இடத்துக்குள் வந்து உட்கார்ந்தன. 1953 மே மாதம் ஒளிபரப்பான ‘மார்ட்டி’ ஒரு கசாப்புக் கடைக்காரரின் தனிமையைச் சொன்னது. 1954 செப்டம்பரில் வந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ நாடகத்தில் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ராட் செர்லிங் எழுதிய ‘பேட்டர்ன்ஸ்’ 1955 ஜனவரியில் ஒளிபரப்பானபோது ஜனங்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடி போட நல்ல பதிவு ஏது? பிப்ரவரியில் நடிகர்கள் திரும்ப வந்து, முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் நடித்தார்கள். மறு ஒளிபரப்பு என்ற சொல்லுக்கு இதைவிட அழகான பொருள் எனக்குத் தெரியவில்லை.

சித்தூரில் கதை அறைக்குள் அடங்காது. பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் நாளில் பீமன் வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவான், வீட்டுக்காரர்கள் படையலைக் கொண்டுவந்து வைப்பார்கள். தபசு நாளில் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்த அர்ச்சுனன் பூஜை முடித்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கீழே வீசுவார். அந்தப் பழத்தை முந்தானையில் ஏந்துகிற பெண்ணிடம் போய் ‘இது நாடகம்’ என்று யாரால் சொல்ல முடியும்? பார்வையாளர் என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை.

பதினெட்டாம் நாள் படுகளம். களிமண்ணால் துரியோதனனை மிகப் பெரிதாகத் தரையில் கிடத்தி, கண்ணும் மீசையும் வண்ணத்தில் தீட்டி வைத்திருப்பார்கள். அந்த உடம்பின் மேலேயே ஏறி இரண்டு வேஷக்காரர்கள் பீமனாகவும் துரியோதனனாகவும் கதாயுதம் சுழற்றுவார்கள். மண்ணில் கிடக்கிறவனும் துரியோதனன், அவன் மார்மேல் ஓடுகிறவனும் துரியோதனன். இந்த இரட்டைத் தோற்றத்தை யாரும் விளக்குவதில்லை, விளக்கம் யாருக்கும் தேவைப்படுவதும் இல்லை. தொடைக்குள் புதைத்த செந்நீர்க் கலயத்தில் பீமனின் அடி விழ வேண்டும். வாரக்கணக்கில் ஆடி இளைத்த கை அது. அடி விழுந்ததும் மத்தளம் சட்டென்று நிற்கும். திரௌபதி வேஷக்காரர் அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிவார். மானபங்க நாளிலிருந்து அவிழ்ந்தே கிடந்த கூந்தல் அது. முடிச்சு விழும் அந்த ஒரு கணத்துக்குத்தான் அத்தனை இரவும். அன்று சாயங்காலமே தீமிதி.

சித்தூர் என்ற ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சுமந்த நடிகர் நாகையா, இந்த ஊர் ராமவிலாச சபையின் நாடகங்களில் ஆடி வளர்ந்தவர். 1946இல் ‘தியாகய்யா’ படத்தை இயக்கி, தியாகையராக நடித்துப் பாடவும் செய்தார். வசனத்துக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் நிதானமாக விடுகிற அந்த ஒரு மூச்சு, எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருந்த மேடையில் பழகியது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் திருப்பதிக்குப் போகிறவர்கள், திரும்பும் வழியில் புத்தூரிலோ நகரியிலோ சித்தூரிலோ பாரத நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தபசு எந்த நாள் என்று டீக்கடையில் கேளுங்கள், சொல்வார்கள். அந்த ஒரு நாள் தங்கி, மரத்தடியில் நின்று, ஏறுகிறவரின் காலைப் பாருங்கள்.