தன்னையே ஐயுறக் கற்பிக்கும் நூல்

வாழ்வை மேம்படுத்தும் நூல்களுக்குத் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நெடுங்காலமாகவே ஒரு தனியிடம் உண்டு. மர்ஹூம் அப்துற் றஹீம் அவர்களின் 'வாழ்க்கையில் வெற்றி' போன்ற நூல்களைத் தந்தை படித்துவிட்டு மகனிடம் கொடுத்த குடும்பங்கள் பல. அவ்வகை நூல்களின் வலிமை, பெரியோர் வாழ்விலிருந்து எடுத்துக் கோத்த நிகழ்ச்சிகளில் இருந்தது. நிகழ்ச்சி ஊக்கம் தரும், ஆனால் சான்றாகிவிடாது. வென்றவர் ஒருவர் விடியலுக்கு முன் எழுந்தார் என்று படிக்கிறோம். விடியலுக்கு முன் எழுந்தும் தோற்றவர் எத்தனை பேர் என்று எந்த நூலும் நமக்குச் சொல்வதில்லை.

இந்தக் குறையை நீக்க வந்த நூல் என்று உலகமே கொண்டாடிய ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். டேனியல் கானமன் 2011-இல் வெளியிட்ட 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' என்னும் ஆங்கில நூல் அது. ஆசிரியர் உளவியலாளர், 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், 2024-இல் காலமானார். 1996-இல் மறைந்த தம் நண்பர் ஏமஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து செய்த ஆய்வுகளே நூலின் முதுகெலும்பு. உள்ளத்தில் இரண்டு போக்குகள் உள்ளன என்கிறார். ஒன்று விரைந்து, தானாகவே முடிவு கட்டுவது. மற்றொன்று மெதுவாக, முயன்று எண்ணிப் பார்ப்பது. இரண்டாவது சோம்பேறி. முதலாவது சொன்னதற்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறது. நூல் முழுவதும் இந்தச் சோம்பலின் வரலாறுதான்.

1974-இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10-இலோ 65-இலோ மட்டுமே நிற்குமாறு முன்பே செய்துவைத்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். 10-ஐக் கண்டவர்களின் மதிப்பீடு 25 என்றும், 65-ஐக் கண்டவர்களின் மதிப்பீடு 45 என்றும் அமைந்தன. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆயினும் முதலில் விழுந்த எண், மனத்தைக் கட்டிப் போட்டுவிடுகிறது. ஜவுளிக் கடையில் நாலாயிரம் என்று ஒட்டிய சீட்டை அடித்து இரண்டாயிரத்தைந்நூறு என்று எழுதியிருப்பதன் சூட்சுமம் இதுவே.

உடல்நலம் பற்றிய ஒரு பகுதியை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா என்று மருத்துவர்களையே கேட்டார்கள். அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்திருப்பார்கள் என்று சிலருக்குச் சொன்னார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் இறப்பார்கள் என்று வேறு சிலருக்குச் சொன்னார்கள். செய்தி ஒன்றே. ஆனால் 'பிழைப்பார்கள்' என்று கேட்ட மருத்துவர்களில் 84 விழுக்காட்டினர் அறுவையைத் தேர்ந்தார்கள். 'இறப்பார்கள்' என்று கேட்டவர்களில் பாதிப்பேர் கதிர்வீச்சுக்குப் போனார்கள். கற்றறிந்த மருத்துவருக்கே இந்நிலை என்றால், கலங்கிய மனத்தோடு எதிரே அமர்ந்திருக்கும் மகனுக்கோ மனைவிக்கோ எப்படி இருக்கும்? மருத்துவர் சொல்லும் எண்ணை மறுபுறமாகவும் திருப்பிச் சொல்லக் கேட்பதில் தவறொன்றுமில்லை.

நூலாசிரியர் தம்மையே சோதனைக்கு உள்ளாக்கும் இடங்கள்தாம் நூலில் நம் மனம் கவர்பவை. இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஒரு பாடநூல் எழுதும் குழுவை அவர் நடத்தினார். பாடப் பொருள் என்ன தெரியுமா? தீர்ப்பும் முடிவெடுத்தலும்! வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதினார்கள். எல்லாரும் ஏறக்குறைய இரண்டாண்டு என்றார்கள். பிறகு, பாடத்திட்டங்களில் தேர்ந்த ஓர் உறுப்பினரிடம், இத்தகைய வேறு குழுக்களின் நிலை என்ன ஆயிற்று என்று கேட்டார் கானமன். அவர் முகம் சிவக்கச் சொன்னார்: நூற்றுக்கு நாற்பது முடிவுறவே இல்லை, முடிந்தவற்றில் ஏழாண்டுக்குக் குறைந்து ஒன்றும் முடியவில்லை. இதை அறிந்திருந்த அந்த நிபுணரும் சற்று முன் இரண்டாண்டு என்றே எழுதியிருந்தார்! நூல் முடிய எட்டாண்டுகள் ஆயின. முடிந்தபோது கல்வி அமைச்சகத்தின் ஆர்வம் ஆறிப் போயிருந்தது. அது எந்தப் பள்ளிக்கும் பாடமாகவில்லை. வீடு கட்டத் தொடங்கியவர்களும் மகளின் நிக்காஹுக்குக் கணக்குப் போட்டவர்களும் இப்பகுதியைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

ஓரிடத்தில் நமக்கு ஆசிரியரோடு பிணக்குண்டு. அலுவலகத்தில் பிறரைப் பற்றிப் பேசும் பேச்சுக்கு நல்ல சொற்களைத் தருவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் கூறுகிறார். தன் பிழையைவிடப் பிறர் பிழை எளிதில் தெரியும் என்பது அவர் காரணம். காரணம் மெய்தான். ஆனால் புறம் பேசுவதைப் பாவமெனக் கற்று வளர்ந்த நமக்கு இது தொண்டையில் சிக்குகிறது. பிறர் பிழையைக் காட்டும் விளக்கை, உரியவர் முகத்துக்கு நேரே, கனிவோடு பிடிப்பது எப்படி? நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் இதற்கு விடை தேடி அலுத்தோம்.

இனி, நூலின் பெருங்காயத்துக்கு வருவோம். நான்காம் அதிகாரம் படிக்கப் படிக்க வியப்பூட்டுவது. முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைத்த மாணவர்கள், அறையை விட்டு வெளியேறும்போது மெதுவாக நடந்தார்கள் என்று 1996-இல் ஜான் பார்க் குழுவினர் அறிவித்த ஆய்வு அங்கே நடுநாயகமாக விளங்குகிறது. ஒரு சோதனைக்கு 30 பேர். வேற்றுமை ஏறத்தாழ ஒரு விநாடி. இத்தகைய முடிவுகளை நம்பாதிருக்க வழியே இல்லை என்று வாசகரை ஏறக்குறைய அதட்டுகிறார் கானமன். ஆனால் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 2012-இல், பிரசல்ஸில் 120 மாணவர்களைக் கொண்டு அதே சோதனையைத் திருப்பிச் செய்தார்கள். கைக் கடிகாரத்தை நம்பாமல் அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் நேரத்தை அளந்தார்கள். நடையில் வேற்றுமை இல்லை. சோதனையை நடத்துவோரிடம் 'இவர்கள் மெதுவாக நடப்பார்கள்' என்னும் எதிர்பார்ப்பை முன்கூட்டியே ஊட்டியபோதுதான் மெதுவான நடை தோன்றியது. பார்க்கப்பட்டவர்களின் மனத்தை அளக்கப் போய், பார்த்தவர்களின் மனமே அளக்கப்பட்டது போலும்!

கானமன் இதை மூடி மறைக்கவில்லை. அவ்வாண்டே அத்துறை ஆய்வாளர்களுக்கு வெளிப்படையான கடிதம் எழுதி, ஒருவர் ஆய்வை மற்றவர் திருப்பிச் செய்து பாருங்கள் என்று வற்புறுத்தினார். 2017-இல், போதிய ஆள்பலம் இல்லாத சிற்றாய்வுகளின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார். இதில் ஒரு முரண் உண்டு. சிறு தொகையைப் பார்த்துப் பெருமுடிவு கட்டும் மயக்கம் அறிஞர்களிடமும் உண்டு என்று 1971-இல் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் அவரேதாம். நாற்பதாண்டு கழித்துத் தாம் காட்டிய குழியிலேயே கால் வைத்தார்.

அப்படியானால் நூலைப் புறந்தள்ளுவதா? அது அவசரக்காரரின் தீர்ப்பு. 2014-இல் வெளியான ஒரு கூட்டாய்வில் 36 இடங்களில் 6,344 பேரைக் கொண்டு பதின்மூன்று பழைய முடிவுகளைச் சோதித்தார்கள். முதல் எண்ணின் பிடி உறுதியாக நின்றது. முன்னையினும் வலுவாகவே தெரிந்தது. ஒரே செய்தியை இருவகையாகச் சொன்னால் தேர்வு மாறும் என்பதும் நின்றது. பணத்தின் படம் கண்ணில் பட்டாலே கருத்து மாறும் என்பது போன்ற, நான்காம் அதிகாரத்தின் இனத்தைச் சேர்ந்தவை நிற்கவில்லை. அதாவது, படிக்கும்போது 'ஆகா!' என்று வியக்க வைத்தவை விழுந்தன. 'ஆமாம், நானும் இப்படித்தான் ஏமாந்தேன்' என்று முணுமுணுக்க வைத்தவை நின்றன. இந்தத் தரம்பிரிப்பு நூலுக்குள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே உறுதியான குரலில் சொல்லிச் செல்வதுதான் நூலின் உண்மையான குற்றம் என்போம். இளைஞர் கையில் இதைக் கொடுப்பவர்கள், நான்காம் அதிகாரத்தின் ஓரத்தில் இச்செய்தியைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தல் நலம்.

செய்முறை வேண்டுவோருக்கு நூலில் கிடைப்பது சொற்பமே. இத்தனை காலம் ஆராய்ந்தும் தம் பிழைகள் பெரிதும் குறையவில்லை என்று ஆசிரியரே கூறிவிடுகிறார். பத்து நாளில் புது மனிதராக்குவதாக வாக்களிக்கும் நூல்களுக்கிடையே இந்த அடக்கம் மதிக்கத்தக்கது. அவர் பரிந்துரைக்கும் சிலவற்றுள் கேரி க்ளைன் என்பாரின் முறை ஒன்று வீட்டுக்கு ஏற்றது. ஒரு தொழிலோ கட்டடமோ தொடங்குமுன் தொடர்புடையவர்கள் கூடி அமர்வது. ஓராண்டு கழிந்து அது அடியோடு தோற்றுவிட்டதாகக் கற்பனை செய்துகொள்வது. ஏன் தோற்றது என்று அவரவர் தாளில் எழுதுவது. மூத்தவர் முன் வாய் திறக்கத் தயங்கும் மருமகளும் இளைய மகனும் தங்கள் ஐயத்தை மரியாதை குறையாமல் சொல்ல இதில் வழி பிறக்கிறது. சக்கர ஆய்வுக்குள்ள அளவு சான்று இதற்கு இல்லை. ஆனால் செலவு அரைமணி நேரமும் சில தாள்களும்தான்.