வட்டமும் எண்ணும்: கணக்கதிகாரம் பற்றிய ஒரு நோக்கு

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தை முன்னோர் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அப்பெருமிதம் நூலின் இயல்பை மறைத்துவிடுகின்றது என்பதே நமது கருத்தாகும்.

வட்டத்தின் பரப்பை அறிவதற்குச் சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியாற் பெருக்குமாறு அந்நூல் கூறுகின்றது. இவ்விதி முற்றிலும் சரியானது. சுற்றையும் குறுக்கையும் கயிற்றால் அளந்தவனுக்குப் ‘பை’ என்னும் மாறிலியின் பெறுமானம் வேண்டியதில்லை. விடையோ ‘குழி’ என்னும் நில அளவையிற் பெறப்படுகின்றது. எனவே, இங்கு வட்டம் வெறுங் கருத்துருவமன்று, அளக்கப்படும் நிலமாகும். சமுதாயத் தேவையே எண்ணுக்குப் பொருள் தந்தது.

எனினும், தேவை மட்டுமே கணிதமாகிவிடாது. இதே தொடர்பைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆக்கிமிடீஸ் நிறுவிக்காட்டினார். நமது செய்யுள் விதியைத் தருகின்றது, நிறுவலைத் தரவில்லை. இவ்வேறுபாட்டை ஒளிக்காது கூறுவதே ஆய்வு நேர்மையாகும்.

கயிறு பயனை உணர்த்தும். நிறுவல் காரணத்தை உணர்த்தும். சூத்திரத்தை மட்டும் மனனஞ்செய்யும் மாணவன் இவ்விரண்டையும் ஒருங்கே இழக்கின்றான். அவனுக்குப் பழம்பெருமை பேசுவதிலும், ஒரு கயிற்றைக் கையிற் கொடுத்து, ‘ஏன்?’ என வினவப் பழக்குவதே நாம் அந்நூலுக்குச் செய்யத்தக்க மதிப்பாகும்.