காதால் எழுதிய தமிழ்

செஞ்சிக்கு வரும் பேருந்துகளின் நெற்றியைப் பாருங்கள். தமிழில் 'செஞ்சி' என்றிருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஜிஞ்ஜீ' என்று வரும். வெள்ளைக்காரன் வாயில் புகுந்து நம் ஊர்ப்பெயர் கெட்டுப்போனதாக நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்தப் பெயரை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கடைசி எழுத்தை 'சி' என்றா சொல்கிறோம்? ஞகர மெய்க்குப் பின்னால் வரும் சகரம் நம் நாவில் 'ஜ' ஆகிவிடுகிறது. எழுதுவது சி, சொல்வது ஜி. பிறந்தது முதல் சொல்லிப் பழகியதால் நமக்கு இது உறைப்பதில்லை. புதிதாக வந்தவன் காதுக்கு உறைத்தது. கேட்டபடி எழுதி வைத்தான். கஞ்சி 'கான்ஜீ' ஆனதும், காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆனதும், தஞ்சாவூர் 'டான்ஜோர்' ஆனதும் அதே காதின் கைவரிசைதான்.

முதலெழுத்து 'ஜி' ஆனதற்குக் காரணம் தேடினால், மராட்டியர் இந்த ஊரை இன்றும் 'ஜிஞ்ஜி' என்றுதான் சொல்கிறார்கள். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை 1698 வரை அவர்கள் கையில் இருந்தது. இடையில் 1690இல்தான் ஆங்கிலேயக் கம்பெனி, செஞ்சியிலிருந்து ஆண்ட ராஜாராமின் அரசிடம் பேசி, கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் என்ற கேள்விக்குப் பீரங்கி பதில் சொன்னது: குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனிக்கு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். அந்தப் பேரம் நடந்த நாட்களில் எத்தனை வாய்கள், எத்தனை மொழிகள் நடுவில் நின்றிருக்கும்! செஞ்சியைப் பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள், முகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். ஆணை போட்டு வைத்த பெயர்கள் ஆணையோடு போயின. காதில் விழுந்த பெயர் நின்றது.

காதில் விழுந்தது என்கிறேனே, எந்தத் தமிழ் விழுந்தது? அதில்தான் சுவை. ராபர்ட் ஓர்ம் என்ற கம்பெனி அதிகாரி, கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதி முதல் பாகத்தை 1763இல் வெளியிட்டார். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்த கதையும் அதில் உண்டு. கோட்டைக்கு வெளியே இருக்கும் குடியிருப்பை அக்கால ஆங்கில நூல்கள் 'பெட்டா' என்கின்றன. பேட்டைதான். ஐகாரம் எங்கே போனது? நம் வாயிலேயே போய்விட்டது. எந்த ஊர்க்காரரும் 'பேட்டை' என்று முழுக்கச் சொல்வதில்லை, 'பேட்ட' என்பதுதான் வழக்கம். ஆங்கிலேயன் அந்தப் 'பேட்ட'யைக் கேட்டு, முடிவில் ஒரு மூச்சொலியும் சேர்த்து எழுதிக்கொண்டான்.

மிளகு தண்ணி கதை இன்னும் ருசி. ஆங்கிலத்தில் அது 'முல்லிகட்டானி'. முதலில் 'மி' இல்லை, 'மு' இருக்கிறது. வீட்டில் நாம் சொல்வதும் 'மொளகு'தானே? முடிவில் 'தண்ணீர்' இல்லை, 'தண்ணி' இருக்கிறது. எந்தப் பண்டிதரிடம் கேட்டிருந்தாலும் 'மிளகுநீர்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார். துரை வீட்டுச் சமையல்காரரிடம் கேட்டதால் 'மொளகுதண்ணி' அப்படியே கப்பலேறியது. ரசத்துக்குச் சற்றுத் தள்ளிய உறவாக இருந்த அந்த நீர், அங்கே போய் இறைச்சி சேர்த்த கெட்டிச் சூப்பாக மாறிவிட்டது. பாத்திரத்தில் இருந்தது மாறினாலும் பெயரில் இருந்த அடுப்படித் தமிழ் மாறவில்லை.

இலக்கணக்காரர்கள் ரசிக்க ஒன்று உண்டு: குற்றியலுகரம். சொல்லின் கடைசியில் அரை மாத்திரை அளவே ஒலிக்கும் உகரம். சுருட்டு என்று சொல்லிப் பாருங்கள், அந்த 'உ' உதடு குவியுமுன் கரைந்துவிடும். ஆங்கிலத்தில் அது 'ஷெரூட்'. தோப்பு 'டோப்' ஆனது. காசு, போர்த்துகீசியர் வாய்வழியே போய், 'கேஷ்' ஆனது. மூன்றிலும் அந்த அரை மாத்திரை காணோம். நம் இலக்கணம் 'குறுகிய உகரம்' என்று அளந்து வைத்ததை, அந்நியக் காது 'இல்லவே இல்லை' என்று எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயர் எழுதிய 'மேங்கோ டோப்' என்ற தொடரில் இரண்டு சொல்லும் தென்னாட்டுச் சரக்கு. மாங்காயின் யகரம் பேச்சில் உதிர்ந்த பிறகு, மலையாளக் கரையில் ஏறி, போர்த்துகீசியர் கை மாறி வந்தது முன்பாதி.

காசு பற்றி ஒரு வார்த்தை. பணம் என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்' நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்தச் சொல் பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. நம் காசிலிருந்து போனது சென்னைக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த சின்ன நாணயம்: எண்பது கேஷ் ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். பிறப்பு வேறான இரண்டு சொற்கள் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. கைதட்டைவிட இந்த உண்மையே எனக்கு இனிக்கிறது.

எல்லாம் இனிப்பதில்லை. பறை என்ற கருவியின் பெயரோடு பிணைந்த மக்களின் பெயர், ஆங்கிலத்தில் 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் நாளிதழ்த் தலைப்பு வரை போய்விட்டது. அந்தச் சொல்லில் பறையின் ஒலி கேட்காது. நம் தெருக்களில் இருந்த தீட்டு மட்டும் கேட்கிறது. கேட்டதை அப்படியே எழுதும் காது, சொன்னவர்களின் குணத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறது.

இந்தச் சொற்களையெல்லாம் திரட்டி ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்த அகராதி 1886இல் வந்தது. அதன் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரல் வெள்ளைச் சிப்பாய் காதில் அப்படி விழுந்ததாம். காது தவறிய கதையையே தலைப்பாக்கிய நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

லண்டனில் ஷூட்டர்ஸ் ஹில் குன்றின்மேல் 1784இல் கட்டிய முக்கோணக் கோபுரம் ஒன்று இருக்கிறது. 1755இல் கொங்கணக் கடலோரத்தில் மராட்டியரின் சுவர்ணதுர்க்கைப் பிடித்த வில்லியம் ஜேம்ஸின் நினைவாக அவர் மனைவி எழுப்பியது. பெயர் 'செவர்ன்ட்ரூக்'. செவர்ன் அவர்கள் ஊர் ஆறு. பொன் என்று பொருள்படும் சுவர்ணம், தெரிந்த ஆற்றின் பெயராகக் காதில் விழுந்திருக்கிறது. பின்பாதியில் இருக்கும் துர்க்கம், செஞ்சியின் மூன்று மலைகளில் ஒன்றான சந்திராயன் துர்க்கத்தில் இருப்பதுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்ணதுர்க்கும் செஞ்சியும் அதில் உண்டு. சுவர்ணதுர்க்கின் பெயர் பட்டியலில் திருத்தமான எழுத்தோடு இருக்கிறது. செஞ்சி மட்டும் பழைய ஜிஞ்ஜீயாகவே நிற்கிறது. திருத்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு செஞ்சிக்காரர், 'இது எந்த ஊர்?' என்று கேட்டவனிடம் தன் ஊர்ப்பெயரைச் சொன்ன சத்தம் அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது.