தவக்காலப் பாட்டும் அதன் சம்பிரதாயங்களும்

புதுவை மிஷன் வீதியில், 1791-இல் கட்டி முடிக்கப்பெற்று நிற்கும் சம்பாக் கோயில், பிரெஞ்சுக் குருமார் வழியாக லத்தீன் வழிபாடு தமிழ்ச் செவிகளில் விழுந்த இடங்களுள் ஒன்றாதலின், தவக்காலச் சங்கீத சம்பிரதாயங்களை ஆராயப் புகுவார்க்குப் புதுவை தக்கதொரு களமாகும்.

லத்தீன் சம்பிரதாயத்திற்கு ஆதாரம் தாவீதின் சங்கீதங்கள். பழைய எண்முறையில் ஐம்பதாவது, நூற்றிருபத்தொன்பதாவது உள்ளிட்ட ஏழினை மனஸ்தாபச் சங்கீதங்கள் என வகுத்த முன்னோர், ஆரவாரமற்ற சுரத்தில், இரண்டு அணியாகப் பிரிந்து, அடியின் நடுவே சற்று நிறுத்தி ஓதும் முறையையும் ஏற்படுத்தினர். அந்த நிறுத்தத்திலேதான் தியானம் நிகழ்கிறது என்பது என் துணிபு. பெரிய வாரத்து இருள் வழிபாட்டில், முக்கோணத் தண்டில் ஏற்றிய பதினைந்து மெழுகுவர்த்திகளுள் ஒவ்வொரு சங்கீதத்தின் முடிவிலும் ஒன்றை அணைத்துவந்து, எஞ்சிய ஒன்றைப் பீடத்தின் பின்னே மறைத்து, புத்தகங்களையும் பலகைகளையும் தட்டி ஓசை எழுப்புவர். 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபின் அவ்வழக்கம் அருகிவிட்டது.

அடுத்தது நம்மவர்தம் புலம்பல் மரபு. வீரமாமுனிவரின் அன்னை அழுங்கல் அந்தாதியும், யாழ்ப்பாணத்தார் இராகமிழுத்துப் படிக்கும் வியாகுலப் பிரசங்கமும், சிலுவைப் பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டெழுந்து ஒப்பாரிச் சாயலில் பாடும் பாட்டுக்களும் இதன் கிளைகளே. இதனைப் பாமரர் பாட்டென்று பண்டிதர் ஒதுக்குவது சரியன்று. இழவு வீட்டில் குரலெடுத்து அழத் தெரிந்த பாட்டிக்குச் சுரதாள ஞானமெதுவும் இல்லாமலே இது வசப்படுகிறது. ஆயினும் ஒன்று உறுத்துகிறது: எனக்காக அழவேண்டாம், உங்களுக்காகவே அழுங்கள் என்று ஆண்டவர் எருசலேம் மகளிரிடம் கூறியதை எட்டாம் நிலையில் தியானிக்கும் நாம், அடுத்த நிலைக்கு நகரும்போதே அவருக்காக மட்டும் அழும் பாட்டை எடுத்துவிடுகிறோம். ஐம்பதாம் சங்கீதத்திலோ, பாடுகிறவன் அழுவது தன் பாவத்தை நினைந்தே.

கீர்த்தனைச் சம்பிரதாயத்தை, தஞ்சைச் சுவிசேஷக் கவிராயராகிய வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864), கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் (1826–1889) வளம்படுத்தினர். முகாரியும் புன்னாகவராளியும் தவக்காலத்துக்கு வாய்த்த ராகங்களாயினும், சங்கதிகள் பெருகப் பெருகக் கேட்பவர் மனம் பாவத்தை விட்டுப் பாடகரைப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில், தவக்காலத்தில் நாடகசாலைகள் அடைபட்டிருக்க, பாரிஸ் நகரத்துச் சீமான்கள் ஆப்பரா பாடகியரின் குரலைக் கேட்கவே லோங்ஷான் மடத்து இருள் வழிபாட்டுக்குத் திரண்டனர்.

1903-இல் பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசைக்குப் பரிசுத்தம், கலைச்செம்மை, எல்லார்க்கும் பொதுவாதல் என்னும் மூன்று லட்சணங்களை விதித்தார். புலம்பலுக்கு மூன்றாவது நம் மக்களளவில் இயல்பாகவே உண்டு; கீர்த்தனைக்கு இரண்டாவது குறைவற உண்டு; முதலாவதோ பாடுவோர் தம்மைப் பின்னிறுத்திக்கொள்ளும் அளவைப் பொறுத்தது.

1963-இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடந்தந்தபின், சங்கீதங்கள் பதிலுரைப் பாடல்களாக எல்லார் வாயிலும் தமிழில் வழங்கலாயின; இது பெரும்பேறு. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குமளவே ஒலிக்கலாம் என்னும் பழைய விதி மட்டும் பாடகர் குழுக்களில் நெகிழ்ந்துவிட்டது. ஓரடி முடிந்து மறு அடி தொடங்குமுன் உள்ள இடைவெளி கீபோர்டு வாசிப்பவர்க்கு வெற்றிடமாகத் தோன்றுகிறது போலும். உடனே இரண்டு ஆவர்த்தனம் வாசித்து அதை நிரப்பிவிடுகிறார்.